'காலத்தால் அழியாத' அல்பங்களும் ஒரு பக்கம் செத்த ஹெட்செட்டும்

"தங்கச்சி, உது உனக்கு விளங்காது. உதுகளைக் கேக்கிறதுக்கும் ஒரு வயசு வரோணும்."

எங்கட பீடத்து மரத்தடியில் வைத்து இதைச் சொன்ன அண்ணாவுக்கு என்னைவிட மூன்றே மூன்று வயசுதான் கூட. அவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டிருந்தார். 'காலத்தால் அழியாத எட்டு அல்பங்கள்' என்று தலைப்பு. எல்லாம் 1967க்கும் 1970க்கும் இடையில் வந்த சைக்கடெலிக் புளூஸ் றொக். ஜிமி ஹென்றிக்ஸின் மூன்று ஸ்ரூடியோ அல்பங்களும் 'பாண்ட் ஒஃப் ஜிப்சிஸ்' நேரடிப் பதிவும். கிறீம் குழுவின் 'டிஸ்றேலி கியர்ஸ்', 'வீல்ஸ் ஒஃப் ஃபயர்'. ஜனிஸ் ஜொப்ளின் பாடிய 'சீப் திறில்ஸ்'. கடைசியாக 'லெட் செப்பலின் 2'. கீழே ஒரு வரி: இதுக்குப் பிறகு வந்ததெல்லாம் இரைச்சல்.

நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. "அண்ணா, உதுகளை இப்ப கேட்டா உண்மையா நல்லாத்தான் இருக்கா?" அதற்குத்தான் அந்தப் பதில். வயசு காணாதாம். அந்த மரத்தடியில் அன்றைக்கு இருந்த ஒரே பெண் நான். ஆகவே அவர் சொன்னது வயசை மட்டும்தானா என்றும் எனக்குச் சந்தேகம்.

சரி, பரீட்சைக்கு முதல் மூன்று கிழமை படிப்பு லீவு. வீட்டுக்குப் போய்ப் படித்தேனோ இல்லையோ, எட்டையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். சிலதை நாலைந்து தரம். கையில் இருந்தது ஃபோனும் இடது பக்கம் செத்துப்போன ஒரு ஹெட்செட்டும். சில நேரம் அம்மாவின் சமையலறை ஸ்பீக்கர். கேட்டு முடித்த பிறகு எனக்கு வந்த கோபம் அந்த அல்பங்கள் மேலே இல்லை. கேட்காமலே கும்பிடுகிற ஆக்கள் மேலே.

முதலில், இந்தவகை இசை கேட்டிராதவர்களுக்காகச் சுருக்கமாக. புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்களின் பாட்டு. பருத்தித் தோட்டங்களிலிருந்தும் சிறைகளிலிருந்தும் வந்தது. அந்த மக்கள் வேலை தேடி வடக்கே போனபோது சிக்காகோவில் மின்கிற்றாரோடு சேர்ந்தது. 1960களில் இங்கிலாந்திலும் கலிபோர்னியாவிலும் இருந்த இளைஞர்கள் அதை எடுத்து, ஆம்பிளிஃபையரை உச்சத்துக்குத் திருப்பி, கிற்றார் சத்தத்தை உடைக்கிற ஃபஸ், அழவைக்கிற வா-வா பெடல், பின்னோக்கி ஓடுகிற ரேப், ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஓடுகிற எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்தார்கள். எல்எஸ்டி போதை தருகிற மயக்கத்தைச் சத்தத்தில் காட்டுவதுதான் நோக்கம். சைக்கடெலிக் என்ற சொல் அங்கிருந்து வந்தது.

என்ர வாதம் இதுதான். இந்த அல்பங்களில் எங்கெல்லாம் சத்தத்துக்கு ஒரு காரணம் இருந்ததோ, அங்கெல்லாம் அது இன்றைக்கும் உயிரோடு நிற்கிறது. எங்கெல்லாம் சத்தம் வெறும் சோடனையோ, அங்கெல்லாம் பழைய கலியாண வீட்டு அல்பம் மாதிரி வெளிறிப்போய்விட்டது. இரண்டும் ஒரே இசைத்தட்டில், சில நேரம் ஒரே பாட்டில், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறது. பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் தூக்கி 'காலத்தால் அழியாதது' என்று சாமியறையில் வைப்பது சோம்பேறித்தனம்.

சாமியறை என்றதும் 'அக்ஸிஸ்: போல்ட் அஸ் லவ்' ஞாபகம் வருகிறது. 1967 டிசம்பரில் வந்த ஹென்றிக்ஸின் இரண்டாவது அல்பம். அட்டையைப் பார்த்தால் எங்கட வீடுகளில் தொங்குகிற கலண்டர்ப் படம்! விஷ்ணுவின் விஸ்வரூபப் படம் ஒன்றை எடுத்து, நடுவில் ஹென்றிக்ஸின் முகத்தையும் மற்ற இரண்டு பேரின் முகங்களையும் ஒட்டியிருக்கிறார்கள். அமெரிக்கப் பழங்குடி இரத்தம் தன் பரம்பரையில் இருப்பதைப் பெருமையாகச் சொன்னவர் ஹென்றிக்ஸ். இவர்கள் பிழையான 'இந்தியனை' எடுத்துவிட்டார்கள் என்ற கருத்துப்பட அவரே குறைப்பட்டிருக்கிறார். இங்கே ஒரு சமயத்தின் படம் வெறும் மினுக்கு. வேறெந்தக் காரணமும் அதற்கு இல்லை.

உள்ளே போனாலும் இதே கதை. அல்பம் தொடங்குவது வேற்றுக்கிரகவாசி பற்றிய ஒரு போலி வானொலிப் பேட்டியோடு. பிறகு கிற்றார் இரைச்சல் இரண்டு காதுக்கும் இடையில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. என்ர ஹெட்செட்டில் அது கரண்ட் வந்து வந்து போகிறமாதிரித்தான் கேட்டது. பகிடி என்னவென்றால், ஸ்டீரியோ அந்த நாளில் புதுசு. 1967 மே மாதம் இங்கிலாந்தில் வந்த 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' முதலில் மோனோவில்தான் வெளியானது. அந்தக் காலத்து ஸ்டீரியோக் கலவைகள் பலவற்றில் ட்றம்ஸ் ஒரு பக்கம், குரல் மற்றப் பக்கம் என்று கத்தியால் வெட்டினமாதிரி இருக்கும். ஒரு காதால் கேட்டால் பாதிக் குழு வேலைக்கு வராதமாதிரி. அன்றைக்கு அது அதிசயம். இன்றைக்கு அது வெறும் இடைஞ்சல்.

ஆனால் அதே அல்பத்தில் 'லிட்டில் விங்' இருக்கிறது. இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஒற்றைக் காதாலும் கேட்டேன், இரண்டு காதாலும் கேட்டேன், சமையலறையில் தாளிக்கிற சத்தத்துக்கு நடுவிலும் கேட்டேன். ஒரு தூசு படவில்லை. தாளமும் இராகமும் ஒரே கையில் ஓடுகிற அந்தக் கிற்றார் வாசிப்புக்கு எந்த வித்தையும் தேவைப்படவில்லை.

இப்போது கிறீம். எரிக் கிளப்ரன், ஜாக் புறூஸ், ஜிஞ்சர் பேக்கர். 'டிஸ்றேலி கியர்ஸ்' பரவாயில்லை. பாட்டுகள் சின்னன், வந்த வேலையை முடித்துவிட்டுப் போகின்றன. வரிகளில் பாதி அந்தக் காலத்துப் பூவும் புகையும்தான், ஆனால் 'சன்ஷைன் ஒஃப் யுவர் லவ்' தொடங்குகிற அந்தக் கிற்றார் அடி இன்றைக்கும் நெஞ்சில் இடிக்கிறது. அதே மூன்று பேர் அடுத்த வருடம் 'வீல்ஸ் ஒஃப் ஃபயர்' போட்டார்கள். அதில் 'ஸ்பூன்ஃபுல்' என்று ஒரு நேரடிப் பதிவு. வில்லி டிக்சன் எழுதி, ஹௌலிங் வுல்ஃப் 1960இல் பாடியபோது அது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஒரு கரண்டி அளவு கிடைப்பதற்காக மனிதர் எதையெல்லாம் செய்வார்கள் என்பதுதான் பாட்டின் விஷயம். வுல்ஃபின் குரலில் அந்தக் கரண்டியில் இருப்பது என்னவென்று தெரியாமலே பயம் வரும். கிறீம் அதை ஏறத்தாழ 17 நிமிடத்துக்கு இழுத்தது. கரண்டிக் கணக்கைக் கிடாரத்தில் ஊத்தினால் என்ன மிஞ்சும்? தண்ணீர்தான்.

அதே அல்பத்தில் 'ரோட்'. 16 நிமிடம், பெரும்பகுதி பேக்கரின் தனி ட்றம்ஸ். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆர் பிள்ளை தகரம் தட்டுறது? பக்கத்து வீட்டில கூரை மாத்தினமோ?" என்று கேட்டா.

"உங்கட தலைமுறைக்குப் பொறுமை இல்லை" என்று அண்ணா சொல்லுவார் என்று தெரியும். அண்ணா, நான் கோயில் திருவிழாவில் விடியப்புறம் வரை மேளக்கச்சேரி கேட்டு வளர்ந்தவள். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த மண் இது. தனித்தவில் அரை மணித்தியாலம் போனாலும் எனக்கு அலுக்காது. ஏனென்றால் வாசிக்கிறவர் எவ்வளவு தூரம் போனாலும் கீழே தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்கிற நாங்களும் தொடையில் தட்டிக்கொண்டே இருப்போம். அவர் எங்கே வந்து விழப்போகிறார் என்ற பதற்றம் எங்களுக்கும் இருக்கும். 'ரோட்'டில் எனக்கு அப்படிக் காத்திருக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மனுசன் தன்ர பலத்தைக் காட்டுகிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொறுமை வேறு, அடுத்தவன் கண்ணாடி பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

நீளம் பிழை என்று நான் சொல்லவில்லை. அண்ணாவின் பட்டியலில் இல்லாத ஒரு அல்பம்: 1971இல் ஃபங்கடெலிக் வெளியிட்ட 'மகட் பிறெய்ன்'. முதல் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேலே, கிட்டத்தட்ட முழுவதும் எடி ஹேசலின் கிற்றார். உன்ர அம்மா செத்துப்போனா என்று கேள்விப்பட்டமாதிரி வாசி என்று குழுத்தலைவர் ஜோர்ஜ் கிளின்ரன் ஹேசலிடம் சொன்னாராம். பிறகு கலவை செய்யும்போது மற்ற வாத்தியங்களை மெல்ல மெல்ல இறக்கிவிட்டார். எதிரொலிக்குள் ஒரு கிற்றார் தனியாக நின்று அழுகிறது. அதே ஃபஸ், அதே வா-வா. ஆனால் இங்கே எதிரொலி என்பது வெறுமையான வீடு. ஆகவே பத்து நிமிடமும் தேவைப்படுகிறது.

அண்ணாவின் எட்டை இன்னொரு தரம் பாருங்கோ. நாலு ஹென்றிக்ஸ். மற்ற நாலும் வெள்ளையர் குழுக்கள். புளூஸ் றொக் என்று தலைப்பு. புளூஸைச் செய்த தலைமுறையிலிருந்து ஒரு ஆள்கூட இல்லை. சமைத்தவரை அடுப்படியில் விட்டுவிட்டுப் பரிமாறினவருக்கு மாலை போடுகிற வேலை இது.

'லெட் செப்பலின் 2' இல் 'ஹோல் லொட்டா லவ்' இருக்கிறதே, நடுவில் சத்தங்கள் சுழன்றடிக்கிற அந்தப் புகழ்பெற்ற சைக்கடெலிக் பகுதியோடு. 1962இல் மடி வோட்டர்ஸ் பாடிய, வில்லி டிக்சன் எழுதிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து வரிகளை எடுத்திருந்தார்கள். 1969இல் அல்பம் வந்தபோது டிக்சனின் பெயர் இல்லை. 1985இல் அவர் வழக்குப் போட்டு, 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வான பிறகுதான் பெயர் வந்தது. 18 வருடம்! கிறீம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். 1931இல் ஸ்கிப் ஜேம்ஸ் பதிவுசெய்த பாட்டொன்றைத் தங்கட முதல் அல்பத்தில் எடுத்தபோது அவர் பெயரைப் போட்டார்கள். அதில் வந்த பணம் புற்றுநோயோடு இருந்த அந்தக் கிழவரின் வைத்தியச் செலவுக்கு உதவியது. பெயர் போடுவது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேணும்?

அதே கிறீமின் கிளப்ரன்தான் 1976 ஓகஸ்டில் பேர்மிங்ஹாம் மேடையில் நின்று, குடிவரவாளர்களை வெளியேற்றச் சொன்ன அரசியல்வாதி ஈனொக் பவலுக்கு ஆதரவாக இனவாதம் கக்கினார். வாழ்நாள் முழுக்கக் கறுப்பினத்தவரின் பாட்டை வாசித்துச் சாப்பிட்டவர். அதற்கு எதிர்வினையாகத்தான் 'றொக் அகெயின்ஸ்ட் றேசிசம்' என்ற இயக்கமே பிறந்தது. பிற்காலத்தில் அவர் அதை நினைத்து வெட்கப்படுவதாகச் சொன்னது உண்மைதான். அதற்காக நான் அந்த இசைத்தட்டை உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் றொபேர்ட் ஜோன்சனின் 'குறொஸ் றோட்' பாட்டை அவர் குரலில் கேட்கும்போது இப்ப எனக்கு இரண்டு குரல் கேட்கிறது. அது பாட்டுக்கு வயசு போனதன் ஒரு பகுதி. கேட்காதமாதிரி நடிக்க என்னால் ஏலாது.

இன்னொரு விஷயம், மரத்தடியில் ஒருத்தரும் கதைக்காதது: பெண்கள். 'ஹே ஜோ' எவ்வளவு அழகான வாசிப்பு! துவக்கோடு போய்த் தன்ர பெண்ணைச் சுட்டுவிட்டு மெக்சிகோவுக்கு ஓடுகிறவனின் கதை. 'எலெக்றிக் லேடிலாண்ட்' 1968இல் இங்கிலாந்தில் வந்தபோது அட்டையில் 19 நிர்வாணப் பெண்கள். ஹென்றிக்ஸ் கேட்டிருந்தது நியூயோர்க் சென்றல் பார்க்கில் குழந்தைகளோடு தாங்கள் இருக்கிற படத்தை. கொம்பனி கேட்கவில்லை. அந்த அட்டையைச் சுவரில் ஒட்டிவைத்து 'கிளாசிக்' என்கிற அண்ணாமாருக்கு ஹென்றிக்ஸின் விருப்பமே தெரியாது.

ஜனிஸ் ஜொப்ளினை விடுவேனா? 'சீப் திறில்ஸ்' ஒரு நேரடி நிகழ்ச்சி மாதிரிச் செய்யப்பட்டது. பெரும்பகுதி ஸ்ரூடியோவில் பதிவானது, கூட்டத்தின் சத்தம் பிறகு ஒட்டினது. அந்தப் பொய்க் கைதட்டல் இன்றைக்குத் தகரமாய்க் கேட்கிறது. ஆனால் கடைசிப் பாட்டு 'போல் அண்ட் செய்ன்' உண்மையான நேரடிப் பதிவு. பிக் மாமா தோர்ன்ரன் என்ற கறுப்பினப் பாடகியின் பாட்டு. ஜொப்ளின் தொண்டை கிழியப் பாடுகிறா. குரல் உடைகிற இடத்தில் மறைக்காமல் உடைய விடுகிறா. ஒரே இசைத்தட்டில் ஒட்டின சத்தம் செத்துக் கிடக்க, உடைந்த குரல் உயிரோடு நிற்கிறது.

"ஒவ்வொன்றையும் அந்தந்தக் காலத்தில் வைத்து விளங்கோணும்" என்பது அண்ணாவின் அடுத்த பிடி. நல்லது, நானும் சரித்திரம் ஒரு பாடமாகப் படிக்கிறவள்தான். ஆனால் காலத்தில் வைத்து விளங்கவேணும் என்றால், காலத்தைத் தாண்டினது என்று சொல்லாதேங்கோ. காலத்தைத் தாண்டினது என்றால், என்ர காலத்தில் வைத்து நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. இரண்டு காசோலையையும் ஒரே நாளில் மாத்த ஏலாது.

காலம் என்ன வேலை செய்யும் என்பதற்கு நல்ல உதாரணம் 'எலெக்றிக் மட்'. 1968இல், ஹென்றிக்ஸ் கேட்கிற இளசுகளைப் பிடிக்கவென்று சிக்காகோவின் செஸ் கொம்பனி, 50 வயதைத் தாண்டிய மடி வோட்டர்ஸை ஃபஸ் கிற்றார்களுக்கு நடுவில் நிறுத்தியது. புளூஸ் ரசிகர்கள் காறித் துப்பினார்கள். மடி வோட்டர்ஸுக்கே பிறகு அதைப் பிடிக்கவில்லை. இன்றைக்குக் கேட்டால்? பீற் கோசியின் கிற்றாரும் கனத்த ட்றம்ஸும் ஹிப்ஹொப் கேட்டு வளர்ந்த என்ர காதுக்கு நேற்றுப் பதிவானது மாதிரி இருக்கிறது. பப்ளிக் எனிமி குழுவின் சக் டி இந்த அல்பத்தின் இரசிகர். அந்தக் காலத்து விமர்சகர்கள் புனிதம் என்றதில் பாதி வெளிறிவிட்டது. குப்பை என்றது மினுங்குகிறது. அப்படியென்றால் 'கிளாசிக்' முத்திரையை நாங்கள் ஏன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவேணும்?

கடைசியாக 'பாண்ட் ஒஃப் ஜிப்சிஸ்'. 1970ஆம் ஆண்டின் முதல் நாள் நியூயோர்க்கில் பதிவானது. ஹென்றிக்ஸ், பேஸில் பில்லி கொக்ஸ், ட்றம்ஸில் படி மைல்ஸ். அதில் 'மெஷின் கன்', 12 நிமிடத்துக்கு மேலே. அமெரிக்க நகரங்களிலும் வியட்நாமிலும் சண்டைபோடுகிற சிப்பாய்களுக்கென்று சொல்லித்தான் தொடங்குகிறார். ட்றம்ஸும் கிற்றாரும் சேர்ந்து வெடி தீர்க்கும். பிறகு ஒரு சுரம் உயரத்தில் போய் இறங்காமல் நிற்கும்.

நான் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா வாசலில் வந்து நின்றா.

"பிள்ளை, உதை நிப்பாட்டு."

சத்தம் கூடப் போல என்று குறைத்தேன்.

"சத்தத்துக்கில்லை. உது வேண்டாம்."

நிப்பாட்டினேன். என்ன பாட்டு, ஆர் வாசிக்கிறது என்று அவ கேட்கவில்லை. திரும்பிப்போய் அரிசி கழுவினா. 2009இல் எனக்கு ஐந்து வயசு. பதுங்குகுழியின் மண் மணம் தவிர எனக்குப் பெரிதாக ஒன்றும் ஞாபகம் இல்லை. அவவுக்கு எல்லாம் இருக்கு. ஹென்றிக்ஸ் என்ற பெயரை வாழ்க்கையில் கேள்விப்படாத ஒரு மனுசி, 'ரோட்'டைக் கூரைத் தகரம் என்று சொன்ன அதே மனுசி, இதை என்னவென்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டா. ஆரும் அவவுக்கு விளங்கப்படுத்தவில்லை. 'ஒரு வயசு வரோணும்' என்று சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை வீட்டில் நான் போடவில்லை. ஒற்றைக் காதில் மட்டும் கேட்டேன்.

அன்றிரவு அண்ணாவின் பட்டியலைத் திருத்திக் குழுவில் திருப்பிப் போட்டேன். 'வீல்ஸ் ஒஃப் ஃபயர்', 'லெட் செப்பலின் 2' இரண்டையும் வெட்டினேன். 'அக்ஸிஸ்', 'சீப் திறில்ஸ்' இரண்டிலும் பாதி. 'எலெக்றிக் மட்', 'மகட் பிறெய்ன்' சேர்த்தேன். 'ஸ்பூன்ஃபுல்' கேட்கிற ஆக்கள் முதலில் ஹௌலிங் வுல்ஃப் பாடினதைக் கேட்கவேணும் என்று ஒரு நிபந்தனையும். 'காலத்தால் அழியாத' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இந்த மாதம் கேட்டுப் பார்த்தவை' என்று தலைப்பை மாத்தினேன்.

நீல டிக் விழுந்து நாலு நாள். அண்ணா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.